உட்காரும் இடத்தில் ஒரு புண்

முதலில் அதைக் கட்டி என்றே நான் நினைக்கவில்லை. ஆபீஸ் விட்டு ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தேன். கோரிப்பாளையம் சிக்னலுக்கு முன்னால் ரோடு பெயர்ந்து கிடந்தது. வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியபோது முதுகெலும்பு முடிகிற இடத்தில் ஆணியை வைத்து அழுத்தினது போல இருந்தது. பச்சை விளக்கு விழுந்த பிறகும் நான் நகரவில்லை. பின்னால் நின்ற ஆட்டோக்காரர், "ஏம்மா, வண்டி நின்னுருச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு மீதி தூரத்துக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டே போனேன்.

வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தொட்டுப் பார்த்தேன். பிட்டங்களின் பிளவு தொடங்குகிற இடத்தில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு வீக்கம். தொட்டால் சுட்டது. கண்ணாடியில் பார்க்க எவ்வளவோ திரும்பிப் பார்த்தேன், தெரியவில்லை. உடம்பில் நம் கண்ணுக்கே காட்டாத ஓர் இடம் இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் யோசித்தேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மெடிக்கல் கோடிங் கம்பெனியில் வேலை. அமெரிக்க ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் நோயாளிகளின் குறிப்புகளைப் படித்து, இன்ன நோய்க்கு இன்ன எண் என்று கம்ப்யூட்டரில் போட வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் நாற்காலியிலேயே இருப்பேன். அப்பா மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆபீஸ் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஆற்றுக்கு வடகரையில் வாடகை வீடு. அப்பா, அம்மா, நான், அண்ணன், அண்ணன் மனைவி என ஐந்து பேர்.

அம்மாவிடம் இடுப்புக்குக் கீழே ஒரு கட்டி என்று மட்டும் சொன்னேன். சூட்டுக்கட்டி என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். காலையில் ஊறவைத்த வெந்தயம், மத்தியானம் இளநீர், படுக்கும்போது விளக்கெண்ணெய். நாலாம் நாள் அது எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்துவிட்டது. ஆபீஸில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஒரு தொடையின் மேல் பாரத்தைப் போட்டு உட்காரப் பழகிக்கொண்டேன். ஐந்தாம் நாள் மத்தியானம் அது உடைந்தது. முதலில் வலி சட்டென்று இறங்கிய சுகம். அப்புறம் ஈரம். அப்புறம் வாடை. துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, காய்ச்சல் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஆட்டோவில் சீட்டில் உட்காராமல் கம்பியைப் பிடித்து முட்டி போட்டபடி வீடு வந்து சேர்ந்தேன்.

உடைந்ததோடு சரியாகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இருபது நாளில் மறுபடி வீங்கியது. இந்தத் தடவை அம்மா என்னை மூலம், பௌத்திரம் என்று போர்டு போட்ட ஒரு வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனாள். பெஞ்சில் நாலு ஆண்கள் உட்கார்ந்திருக்க, அவர்களுக்கு நடுவே நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். வைத்தியர் புண்ணைப் பார்க்கவே இல்லை. காரம் சாப்பிடுவாயா, மலம் இறுகலாகப் போகிறதா என்று கேட்டார். எனக்கு அந்தத் தொந்தரவு எதுவும் இல்லை, இது அந்த இடமே இல்லை, அதற்கு நாலு விரல் மேலே என்று சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. ஒரு சூரணமும் ஒரு களிம்பும் கொடுத்து, கோழியும் கத்தரிக்காயும் கூடாது என்று அனுப்பிவிட்டார். மூன்று மாதம் கோழியும் கத்தரிக்காயும் இல்லாமல் இருந்தேன். கட்டி அது பாட்டுக்கு வந்தது, உடைந்தது, மறுபடி வந்தது. வெளிர்நிற சுடிதார்களை எல்லாம் மடித்து உள்ளே வைத்துவிட்டேன்.

ஒரு நாள் காய்ச்சல் நூற்று மூன்றுக்குப் போன பிறகு, பக்கத்துத் தெரு கிளினிக்கில் இருந்த பெண் டாக்டரிடம் நானே போனேன். அவர்தான் முதன்முதலில் என்னைக் குப்புறப் படுக்கவைத்து விளக்கைப் போட்டுப் பார்த்தவர். உடனே ஒரு சர்ஜனிடம் அனுப்பினார். அந்த சர்ஜன் மரத்துப் போக ஊசி போட்டுக் கீறிச் சீழை எடுத்துவிட்டார். பத்து நிமிஷ வேலை. என்ன நோய் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது ஆட்டோவில் மருந்துச் சீட்டைப் படித்தேன். பைலோனிடல் ஆப்சஸ் என்று கிறுக்கியிருந்தது.

அதைப் படித்ததும் என் விரல் தானாகவே எண்ணை அடித்தது. எல் ஜீரோ ஃபைவ் பாயின்ட் ஜீரோ ஒன். எத்தனையோ தடவை போட்ட எண். ஏதோ ஊரில் கல்லூரிப் பையன், ஏதோ ஊரில் லாரி டிரைவர். குறிப்பைப் படிப்பேன், எண்ணைப் போடுவேன், அடுத்த ஆளுக்குப் போய்விடுவேன். அந்தப் பையன் எப்படி உட்கார்ந்திருப்பான், அந்த டிரைவர் எத்தனை மாதம் வாயைத் திறக்காமல் இருந்திருப்பான் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் அந்த நோயைப் பற்றித் தேடிப் படித்தேன். அந்தப் பெயருக்கு லத்தீனில் மயிர்க்கூடு என்று அர்த்தமாம். முடி தோலுக்குள் குத்திக்கொண்டு போய் உள்ளே கூடு கட்டிவிடுகிறது. கீறினால் சீழ்தான் வெளியே வரும், கூடு இருக்கிற இடத்திலேயே இருக்கும். அதைப் படித்தபோது பயம் வந்தது உண்மை. கூடவே ஒரு தெம்பும் வந்தது. எதிராளி யார் என்று தெரிந்துவிட்டதல்லவா.

நான் எதிர்பார்த்தபடியே கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் அது திரும்ப வந்தது. மாதா கோவிலில் பெஞ்சில் உட்கார முடியாமல் பின்னால் தூணோரம் நின்றே பூசை பார்த்தேன். ஏன் உங்க மக நின்னுக்கிட்டே இருக்கா என்று யாரோ அம்மாவிடம் கேட்டுவிட்டார்கள். அம்மாவுக்கு அது ரொம்ப அவமானமாகப் போய்விட்டது. காரணம், எனக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜனவரியில் ஒரு வரன் அமைந்தது. மாப்பிள்ளை திண்டுக்கல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் வாத்தியார். பார்க்க வந்த அன்று சோபா நுனியில் நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். முகத்தில் காட்டாமல் உட்கார்ந்திருந்தேன் என்பதுதான் அன்றைக்கு நான் செய்த பெரிய காரியம். அடக்கமான பெண் என்று அவர்களுக்குப் பிடித்துவிட்டது. தவக்காலம் முடியட்டும், அவருக்குப் பரீட்சை வேலையும் முடியட்டும், மே கடைசியில் நிச்சயதார்த்தம் என்று பேசினார்கள். அவரும் நானும் வாரத்துக்கு இரண்டு தடவை போனில் பேச ஆரம்பித்தோம். நல்ல மனிதராகத்தான் பட்டார்.

கிளினிக் டாக்டர் சொல்லி, பிப்ரவரியில் வேறொரு சர்ஜனைப் பார்த்தேன். பெண். ஐம்பது வயது இருக்கும். ஆற்றுக்குத் தென்கரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பரிசோதிக்கும்போது மெல்லிய இடுக்கியால் எதையோ பிடித்து மெதுவாக இழுத்தார். அது வந்துகொண்டே இருப்பது போல இருந்தது. பஞ்சில் வைத்து என் கண்ணுக்கு நேராகக் காட்டினார். ஒரு முடி. என் உள்ளங்கையை விட நீளம்.

"இது அந்த இடத்து முடி இல்லை. உங்க தலைமுடி" என்றார்.

எனக்குப் பின்னல் இடுப்புக்குக் கீழே வரும். உதிர்கிற முடி சட்டைக்குள் இறங்கி, அந்தப் பிளவில் தங்கி, உட்கார்ந்து உட்கார்ந்து எழுகிற அழுத்தத்தில் ஊசி மாதிரி தோலுக்குள் போய்விடும் என்றார். மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். மேலே சின்னச் சின்ன துளை. கீழே ஒரு குழி. குழிக்குள் முடிச் சுருள். பக்கவாட்டில் சீழ் வெளியேற அது தோண்டிக்கொண்ட வழி.

ஒரு வருஷமாக மனசுக்குள் வைத்திருந்ததை அப்போதுதான் கேட்டேன். "நான் சுத்தமா இல்லாததாலயா டாக்டர் இது வந்துச்சு?"

அவர் பேனாவை வைத்துவிட்டார். "இல்லை. ரெண்டு வேளை குளிக்கிறவங்களுக்கும் வரும். அந்தப் பிளவு ஆழமா இருக்கணும், முடி இருக்கணும், நிறைய நேரம் உட்காரணும். அம்புட்டுதான். ஆம்பளைங்களுக்கு அதிகம். அந்தக் காலத்துல ஜீப் ஓட்டுன பட்டாளத்துக்காரங்களுக்கு நிறைய வந்துச்சு. யார்கிட்ட இருந்தும் ஒட்டிக்காது, நீங்களும் யாருக்கும் கொடுக்க மாட்டீங்க. புள்ளை பெத்துக்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. போதுமா?"

போதும் என்றேன். ஆனால் அழுகை வந்துவிட்டது. நான் அழுது முடிக்கட்டும் என்று அவர் காத்திருந்தார். அப்புறம் ஆபரேஷனைப் பற்றிச் சொன்னார். குழியை முழுக்க வெட்டி எடுக்க வேண்டும். சிலருக்குப் பக்கத்துத் தோலைத் திருப்பிப் போட்டுத் தைத்துவிடலாம், சீக்கிரம் ஆறும். எனக்குப் பல தடவை சீழ் வைத்திருப்பதால் தைக்காமல் திறந்து விடுவதுதான் நல்லது என்று அவருக்குத் தோன்றியது. அடியிலிருந்து சதை வளர்ந்து மேலே வர வேண்டும். மேலே முதலில் மூடிக்கொண்டால் உள்ளே மறுபடி குழிதான். இரண்டு மாதம் ஆகலாம், தினமும் கட்டு மாற்ற வேண்டும் என்றார். ஒழுங்காகச் செய்தால்கூடச் சிலருக்குத் திரும்ப வரும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

வீட்டில் அதைச் சொன்னதும் அம்மா, கல்யாணம் முடியட்டும் என்றாள். இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தால் மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாமல் எப்படி இருக்கும், பெண்பிள்ளைக்கு அந்த இடத்தில் ஆபரேஷன் என்றால் ஆளுக்கு ஒன்று பேசுவார்கள் என்றாள். நான், கல்யாணத்துக்கு முன்னால்தான் செய்வேன், போகிற வீட்டில் போய் மறைத்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது என்றேன். சத்தம் கூடிக்கொண்டே போனது. பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா தலை நிமிராமலே கேட்டார், "வலி எப்பவும் இருக்காம்மா?"

"இருக்குப்பா."

"அப்ப தேதி வாங்கிரு" என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின நாள் ஒரு பார்லருக்குப் போய்ப் பின்னலை வெட்டிக்கொண்டேன். வெட்டத் தேவையில்லை, தூக்கிக் கொண்டை போட்டுக்கொண்டு, குளித்து முடித்ததும் முதுகைத் துடைத்தால் போதும் என்று டாக்டர் சொல்லித்தான் இருந்தார். எனக்குத்தான் அந்த முடியைச் சுமக்கப் பிடிக்கவில்லை. தோளுக்கு மேலே நிற்கிற மாதிரி வெட்டச் சொன்னேன். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஈஸ்டருக்கு அடுத்த வாரம் ஆபரேஷன். முதுகில் ஊசி போட்டுக் குப்புறப் படுக்கவைத்தார்கள். முடிந்த பிறகு குழி எவ்வளவு பெரிசு என்று கேட்டேன். ஒரு கோழிமுட்டை உட்காரும் என்றார் நர்ஸ். முதல் பத்து நாள் ஆஸ்பத்திரியிலேயே போய்க் கட்டு மாற்றினோம். மூன்றாம் நாள் அம்மா, நானும் பார்த்துக்கொள்கிறேன் என்று உள்ளே வந்தாள். துணியை எடுத்ததும் சுவரைப் பிடித்தபடி அப்படியே தரையில் சரிந்துவிட்டாள். என்னை விட்டுவிட்டு அம்மாவுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்து சித்திரைத் திருவிழா வந்துவிட்டது. அழகர் ஆற்றில் இறங்குகிற வாரம் வடகரையிலிருந்து தென்கரைக்கு வண்டி போகாது. கோரிப்பாளையத்திலிருந்தே அடைத்துவிடுவார்கள். உட்காரவும் முடியாமல், அந்தக் கூட்டத்தில் நடக்கவும் முடியாமல் நான் எப்படி ஆஸ்பத்திரி போவது? வீட்டில் யாராவது கட்டு மாற்றக் கற்றுக்கொண்டால் நல்லது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அண்ணன் செல்போன் டவர் வேலையில் ஊர் ஊராகச் சுற்றுகிறவன். அப்பா தயங்கித் தயங்கி, நான் வேண்டுமானால் செய்கிறேன் என்றார். வேண்டாம்ப்பா என்றேன். அவருக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. அப்போது சமையலறையிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே மதினி வந்தாள். "நான் கத்துக்கிறேன்" என்றாள்.

மதினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். திருவாதவூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். இந்துக்கள். கல்லூரியில் அண்ணனுக்கு இரண்டு வருஷம் பின்னால் படித்தவள். இரண்டு வீட்டுக்கும் பிடிக்காமல் ரெஜிஸ்டர் ஆபீஸில் நடந்த கல்யாணம். அவள் வீட்டில் அதோடு தலைமுழுகிவிட்டார்கள். எங்கள் வீட்டில் சேர்த்துக்கொண்டோம், ஆனால் சேர்த்துக்கொண்டதோடு சரி. அம்மா அவளைத் திட்டியதே இல்லை. பேசியதும் அதிகம் இல்லை. என்னை விட ஒரு வயது இளையவள், ஆனால் அண்ணன் மனைவி. நீ என்பதா, நீங்கள் என்பதா என்று எனக்குத் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. மூன்று வருஷமாக "சோறு இருக்கு", "போன் அடிக்குது" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு இருவரும் நகர்ந்துவிடுவோம்.

அப்படிப்பட்டவள் முன்னால் குப்புறப் படுத்துத் துணியை விலக்க வேண்டும். முதல் நாள் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அவள் சோப்பு போட்டு முழங்கை வரை கையைக் கழுவினாள். உப்புத் தண்ணீர் விட்டு நனைத்து, ஒட்டியிருந்த துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாள். நர்ஸை விட மெதுவாக எடுத்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தபோது சொன்னாள்:

"எங்க வீட்டு மாட்டுக்கு நுகத்தடி பட்டுக் கழுத்துப் புண்ணு வந்தா நான்தான் கழுவி மருந்து வைப்பேன். அது ஒதைக்கும். நீ ஒதைக்காம இருந்தா சரி."

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் வலித்தது. வலியோடு சிரித்தேன்.

அன்றிலிருந்து தினமும் காலை பத்து மணிக்கு என் அறைக் கதவு சாத்தப்படும். நான் நின்றபடி வெதுவெதுப்பான தண்ணீரைக் குழியில் படும்படி ஊற்றிக் குளித்துவிட்டு வருவேன். அவள் டார்ச் அடித்துப் பார்ப்பாள். புதிதாக முடி எதுவும் விழுந்திருக்கிறதா என்று தேடுவாள். துணியைத் திணிக்காமல் தளர்வாக வைத்துப் பிளாஸ்திரி போடுவாள். வாரம் ஒரு தடவை சுற்றிலும் இருக்கிற முடியை ரேசரால் மழித்து, உதிர்ந்ததைப் பஞ்சால் ஒற்றி எடுப்பாள். இதையெல்லாம் ஒரு நோட்டில் வேறு எழுதி வைத்தாள். என் கண்ணால் பார்க்க முடியாத என் புண்ணை அவள் கண்ணால்தான் நான் தெரிந்துகொண்டேன். இன்னைக்கு அடி செவப்பா இருக்கு, நல்ல சதை. இன்னைக்கு ஓரத்துல வெள்ளையா இருக்கு, டாக்டருக்குப் போட்டோ அனுப்புவமா? இன்னைக்கு என் கட்டை விரல் நகம் வரைக்கும்தான் ஆழம். இப்படிச் சொல்லிச் சொல்லியே, அவள் கதைகளும் வந்தன. அவள் அம்மாவின் கைச்சமையல், டிராக்டர் ஓட்டுகிற தம்பி, கல்யாணத்துக்குப் பிறகு ஒரு தடவைகூட அவன் போனை எடுக்காதது. நானும் என் கதையைச் சொன்னேன். மாப்பிள்ளையிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை என்பதையும் சொன்னேன்.

"சொல்லணும்னு தோணுனா சொல்லிரு. நான் எங்க வீட்ல சொல்லாம வந்தவ. அது எம்புட்டு கனமா இருக்கும்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

அடுத்த தடவை அவர் போன் செய்தபோது மொட்டை மாடியில் நடந்துகொண்டே சொன்னேன். என்ன நோய், எந்த இடம், என்ன ஆபரேஷன், இப்போது எப்படி இருக்கிறது, திரும்ப வர வாய்ப்பு உண்டு, எல்லாவற்றையும் ஒரு குறிப்பை வாசிப்பது போலச் சொன்னேன். குழந்தை பெற்றுக்கொள்வதில் ஏதும் சிக்கல் வருமா என்று கேட்டார். வராது என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். சரி, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வைத்துவிட்டார். பன்னிரண்டு நாள் போன் இல்லை. அந்தப் பன்னிரண்டு நாளும் அம்மா என்னைப் பார்த்த பார்வையை நான் தாங்கிக்கொண்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

பதின்மூன்றாம் நாள் அவரே கூப்பிட்டார். குரலில் சந்தோஷம் இருந்தது. அவர் யோசித்துப் பார்த்தாராம், அவருக்கு ஆட்சேபனை இல்லையாம். ஆனால் அவர் அம்மாவுக்குப் புரியாது, சொந்தக்காரர்கள் கண்டபடி பேசுவார்கள்.

"முதுகுவலின்னு சொல்லிரலாம். முதுகுல ஒரு சின்ன ஆபரேஷன்னு நான் ஏற்கனவே சொல்லியாச்சு. நீங்களும் அப்படியே சொல்லிருங்க" என்றார்.

"எனக்கு முதுகுவலி இல்லையே" என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினார். ஒரு பொய்தானே, யாருக்கு நஷ்டம் என்று கேட்டார். எனக்கு என்றேன். ஒவ்வொரு தடவை கட்டி வரும்போதும், கட்டுப் போடும்போதும், உட்கார முடியாமல் எழுந்திருக்கும்போதும் உங்கள் வீட்டில் நான் முதுகைப் பிடித்துக்கொண்டு நடிக்க வேண்டும், அது என்னால் ஆகாது என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இருந்ததாகவும் நினைவில்லை. கீழே இறங்கி வந்து, இந்த இடம் வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா சட்டை மாட்டிக்கொண்டு, போனில் பேசினால் நன்றாக இருக்காது என்று நேரிலேயே திண்டுக்கல் போய் மரியாதையாகச் சொல்லிவிட்டு வந்தார். அம்மா அழுதாள். நானும் அழுதேன், ஆனால் அது வேறு அழுகை.

ஆபரேஷன் ஆகி ஐந்து வாரத்தில், கட்டு மாற்றும் நேரத்தை விடிகாலைக்கு மாற்றிக்கொண்டு, வேலைக்குத் திரும்பினேன். லீவு விண்ணப்பத்தில் காய்ச்சல் என்று எழுதச் சொல்லியிருந்தாள் அம்மா. நான் நோயின் பெயரையே எழுதியிருந்தேன். டீம் லீடர் எத்தனையோ தடவை அந்த எண்ணைச் சரிபார்த்தவர், படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நின்று வேலை செய்ய இடம் வேண்டும் என்றபோது மட்டும், கம்பெனியில் அப்படி வழக்கம் இல்லையே என்று இழுத்தார். ஜன்னலோரம் பிரிண்டர் வைத்திருந்த உயரமான மேஜையைக் காட்டினேன். பிரிண்டர் கீழே போனது, என் கம்ப்யூட்டர் மேலே ஏறியது. முதல் வாரம் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாவது வாரம் அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.

ஆபரேஷன் முடிந்த ஐம்பத்தெட்டாவது நாள் மதினி டார்ச்சை அணைத்துவிட்டு, "மூடிருச்சு" என்றாள். டாக்டரும் பார்த்து உறுதி செய்தார்.

ஆவணி மாதத்தில் மதினியின் அம்மாவிடமிருந்து முதன்முறையாகப் போன் வந்தது. ஊரில் சாமி கும்பிடுகிறோம், வந்துவிட்டுப் போ என்றார்களாம். அண்ணன் ஊரில் இல்லை. தனியாகப் போக மனம் வராமல் அவள் பையில் துணியை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். நானும் வாரேன் மதினி என்றேன். பஸ்ஸில் இடம் இருந்தும் நான் நின்றுகொண்டே போனேன், அவளும் எனக்காகக் கூடவே நின்றாள்.

அவள் அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். மகளைப் பார்த்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே கூட்டிப்போனார். அவள் அப்பா எங்களைப் பார்த்ததும் மோட்டார் ரூம் பக்கம் போய்விட்டார். தம்பி டிராக்டரை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டு இறங்கினான். அக்காவைப் பார்த்தும் பார்க்காத மாதிரி வராண்டாவில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிக்குப் போனான். உட்காருவதற்கு முன்னால் ஒரு கையை நாற்காலியில் ஊன்றினான். இடது தொடையை மட்டும் இறக்கினான். மற்ற பக்கம் படாமல் சாய்ந்துகொண்டான்.

எனக்கு அந்த உட்காரல் தெரியும். ஒரு வருஷம் நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். மதினியைப் பார்த்தேன். அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறிமுகம்கூட இல்லாத ஓர் ஆணிடம் அந்த இடத்தைப் பற்றிக் கேட்பதா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். அந்த வைத்தியர் பெஞ்சுக்குப் பக்கத்தில் வாய் வராமல் நின்றது நினைவுக்கு வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"தம்பி, எத்தனை மாசமா இருக்கு?"

எதைக் கேட்கிறீர்கள் என்று அவன் கேட்கவில்லை. முகம் கறுத்துவிட்டது. நான் என் கதையை முதலில் சொன்னேன். ஒன்றும் விடாமல், இடத்தின் பெயரைச் சொல்லித்தான் சொன்னேன். அவன் அம்மா கதவோரம் நின்று கேட்டார். சொல்லி முடித்த பிறகு அவன் மெல்லச் சொன்னான், ரெண்டு வருஷம் ஆச்சு, உழவு சமயத்துல ரொம்ப வரும், டிராக்டர் சூடுன்னு நினைச்சேன், மூலத்துக்கு மருந்து சாப்பிட்டேன் என்று. அவன் அம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். எப்படிச் சொல்வான் என்று நான்தான் அவருக்குச் சமாதானம் சொன்னேன்.

அடுத்த வாரமே அவனை அதே டாக்டரிடம் அழைத்துப் போனோம். அவனுடையது சிறியது, சின்ன ஆபரேஷனே போதும், மூன்று வாரத்தில் ஆறிவிடும் என்றார். யார் கட்டுப் போடுவது என்று நர்ஸ் கேட்டபோது, மதினி தன் நோட்டை எடுத்துக் காட்டினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு சரி என்றான். மதினி ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலை பஸ்ஸில் திருவாதவூர் போய் வந்தாள். நடு நாட்களில் செய்ய அவள் அம்மாவுக்குக் கற்றுக் கொடுத்தாள். இரண்டாவது தடவை போனபோது அவள் அப்பா பஸ் நிறுத்தத்துக்கே வந்து நின்றாராம். அதைச் சொல்லும்போது வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். எங்கள் அம்மா கத்தியை வாங்கிக்கொண்டு, நீ போய் முகம் கழுவிட்டு வா என்றாள்.

எனக்கு ஆபரேஷன் ஆகி ஒன்றரை வருஷம் ஆகிறது. தழும்பு மழைக்காலத்தில் அரிக்கும். மாதம் ஒரு தடவை அந்த இடத்து முடியை மழித்துக்கொள்கிறேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து உட்காருவதில்லை. ஆறு மாதத்துக்கு முன்னால் பக்கத்தில் புதிதாக ஒரு துளை இருப்பது போல மதினிக்குச் சந்தேகம் வந்து டாக்டரிடம் ஓடினோம். ஒன்றும் இல்லை என்றார். நாளைக்கு ஏதாவது இருந்தாலும் திரும்பப் போவேன், திரும்பப் படுப்பேன்.

வரன் மறுபடி பார்க்கிறார்கள். போன வாரம் சோழவந்தானிலிருந்து ஒரு குடும்பம் போன் செய்தது. அம்மா ஹாலில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். படிப்பு, வேலை, கோவில், எல்லாம் சொல்லி முடித்த பிறகு அம்மா போனை மறு காதுக்கு மாற்றினாள். அப்புறம் குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள்:

"என் மகளுக்கு உட்காருற எடத்துல ஒரு ஆபரேஷன் ஆயிருக்கு. இப்ப நல்லா இருக்கா. அது என்னா ஏதுன்னு கேட்கணும்னா அவகிட்டயே கேளுங்க, சொல்லுவா. சம்மதம்னா ஞாயித்துக்கிழமை வாங்க."

வருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள்.